மீன் சந்தைத் திடலில் தொடங்கிய சமாதானம்

சென்ற ஆண்டு ஓர் ஊரில் பெண்களுக்கான பயான் முடிந்ததும், வழக்கம்போலத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்விச் சீட்டுகள் வந்தன. ஜகாத், களாத் தொழுகை, மாமியார் வீட்டுப் பிரச்சனை என்று வழக்கமான கேள்விகளுக்கு நடுவே ஒரு சீட்டு வித்தியாசமாக இருந்தது. "ஹஜ்ரத், போர் நடக்கும் நாடுகளின் படங்களைத் தினமும் போனில் பார்க்கிறோம். அங்கே பெண்கள் அழுகிறார்கள். இங்கே நாங்கள் துஆ செய்கிறோம். பெண்களால் வேறு எதுவும் முடியாதா?"

நேரம் முடிந்திருந்தது. துஆவின் சிறப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி மஜ்லிஸை முடித்தோம். ஊர் திரும்பும் பேருந்தில் மனம் உறுத்தியது. அந்தச் சகோதரி துஆவின் சிறப்பைக் கேட்கவில்லை. பெண்களால் என்ன முடியும் என்று கேட்டார். அதற்கு உரிய பதில் வரலாற்றில் இருக்கிறது. அதுவும் வெகு தூரத்து வரலாறு அல்ல, நம் காலத்திலேயே நடந்தது. அதைச் சற்று விரிவாக எழுதத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மார்க்கத்தின் பக்கம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவோம். மதரஸாவில் ஸஹீஹுல் புகாரி ஓதும்போது ஹுதைபிய்யா உடன்படிக்கைப் பாடம் வரும். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு. உம்ரா செய்ய வந்த முஸ்லிம்களை மக்காவுக்குள் விடாமல் குறைஷியர் தடுத்தனர். உடன்படிக்கையின் நிபந்தனைகள் வெளிப்பார்வைக்குப் பாதகமாகத் தெரிந்தன. குர்பானிப் பிராணிகளை அறுத்து முடி களையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொன்ன பிறகும் மனவேதனையில் தோழர்கள் எழவில்லை. கூடாரத்துக்குள் வந்து அண்ணலார் நடந்ததைச் சொன்னது உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம். யாரிடமும் எதுவும் பேசாமல் நீங்கள் முதலில் உங்கள் பிராணியை அறுத்து முடி களையுங்கள் என்று அன்னையார் ஆலோசனை சொன்னார்கள். அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் அனைவரும் எழுந்துவிட்டனர்.

இந்தப் பாடத்தை நாம் ஓதிய காலத்தில் ஹஜ்ஜில் தடுக்கப்பட்டவரின் சட்டங்களைத்தான் அதிலிருந்து எடுத்து மனனம் செய்தோம். ஒரு பெரிய சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நேரத்தில் முடிச்சை அவிழ்த்தது ஒரு பெண்ணின் யோசனை என்ற பக்கம், பிறகு கல்லூரியில் பி.ஏ. படித்தபோதுதான் நமக்கு உறைத்தது. மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) அவர்கள் எதிரணியினருக்கு அடைக்கலம் கொடுத்ததும், அவருடைய சகோதரர் அலீ (ரலி) அவர்கள் அதை ஏற்காதபோது நபிகளார் அந்தப் பெண்மணி கொடுத்த அடைக்கலத்தைச் செல்லுபடியாக்கியதும் அதே ஹதீஸ் நூல்களில்தான் உள்ளன.

பெண் ஆட்சித் தலைவராக வரலாமா என்பது இமாம்களிடையே பேசப்பட்ட தனிச் சட்டப் பிரச்சனை. அதற்குள் இங்கே நுழையவில்லை. நாம் பேசுவது இஸ்லாஹ் பற்றி, அதாவது சண்டையிடும் இரு தரப்பாருக்கிடையே இணக்கம் உண்டாக்குவது பற்றி. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 9, 10ஆம் வசனங்களில் வரும் கட்டளை ஆண்களுக்கு மட்டும் உரியது என்று எந்த விரிவுரையாளரும் சொன்னதாக நாம் படித்ததில்லை.

இனி லைபீரியாவுக்கு வருவோம்.

சண்டை எங்கிருந்து வந்தது

மேற்கு ஆப்பிரிக்காவின் கடற்கரை நாடு லைபீரியா. அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகளைக் கொண்டுவந்து குடியமர்த்த உருவான நாடு. 1847இல் குடியரசானது. வந்து குடியேறியவர்களின் வாரிசுகள் எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மை. ஆனால் 1980இல் ராணுவப் புரட்சி நடக்கும்வரை ஆட்சியும் சொத்தும் அவர்கள் கையில்தான் இருந்தன. மண்ணின் பழைய இனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. புரட்சிக்குப் பின் வந்த சாமுவேல் டோ தம் இனத்தாருக்கும் தமக்கு வேண்டியவர்களுக்கும் பதவிகளைக் கொடுத்தார். 1989 டிசம்பரில் சார்லஸ் டெய்லர் ஆயுதக் குழுவோடு எல்லை தாண்டி நுழைந்தார். முதல் உள்நாட்டுப் போர் 1997 வரை நடந்தது. டெய்லரே தேர்தலில் வென்று அதிபரானார். 1999இல் மறுபடியும் போர். இரண்டு போர்களிலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மொத்த மக்கள்தொகையே அன்று முப்பது லட்சம் அளவில்தான்.

இதில் முஸ்லிம்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். லைபீரிய மக்களில் முஸ்லிம்கள் எட்டில் ஒரு பங்கு. 2008ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு சுமார் 12 சதவீதம் என்கிறது. மண்டிங்கோ, வாய் முதலிய இனத்தார். மண்டிங்கோ மக்கள் வியாபாரிகள். டோவின் ஆட்சியோடு சேர்ந்தவர்கள் என்ற பெயரில் முதல் போரில் டெய்லரின் ஆட்களால் குறிவைத்துக் கொல்லப்பட்டனர், பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. இரண்டாம் போரில் டெய்லரை எதிர்த்து வடக்கிலிருந்து வந்த 'லர்ட்' என்ற கிளர்ச்சிக் குழுவில் மண்டிங்கோக்கள் அதிகம். அவர்கள் தரப்பிலும் பெரும் கொடுமைகள் நடந்தன. ஆகவே, கிறிஸ்தவப் பெண் முஸ்லிம் பெண்ணைப் பார்த்தால் கிளர்ச்சிக்காரனின் தாய் என்று நினைப்பார். முஸ்லிம் பெண் கிறிஸ்தவப் பெண்ணைப் பார்த்தால் தன் வீட்டை எரித்தவனின் சகோதரி என்று நினைப்பார். போரின் காரணம் மதமல்ல, ஆனால் காயம் மதத்தின் வழியாகவும் ஓடியது. நம் நாட்டில் கலவரங்களுக்குப் பிறகான சூழலைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மன்ரோவியா தலைநகரில் ஒரு லூத்தரன் தேவாலயம் இருக்கிறது. 1990 ஜூலையில் அங்கே அடைக்கலம் புகுந்திருந்த சுமார் 600 பேரை அரசுப் படையினர் ஒரே இரவில் கொன்றனர். அதே தேவாலயத்தில்தான் பல ஆண்டுகள் கழித்து லேமா போவீ என்ற இளம் தாய், போரால் மனம் சிதைந்தவர்களுக்கும் சிறுவர் படையினருக்கும் ஆறுதல் வேலை செய்துகொண்டிருந்தார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பெண்கள் சேர்ந்து உருவாக்கிய சமாதானப் பெண்கள் வலையமைப்பின் லைபீரியப் பொறுப்பு அவரிடம் வந்தது. முதலில் கிறிஸ்தவப் பெண்களைத்தான் திரட்டினார்.

அந்தக் கூட்டம் ஒன்றில் ஒரு பெண் எழுந்து நின்றார். இங்கே இருப்பவர்களில் நான் ஒருத்திதான் முஸ்லிம், எங்கள் பெண்களையும் இதில் கொண்டுவருகிறேன் என்றார். அவர் பெயர் அஸாத்து பா கென்னத். லைபீரியக் காவல் துறையில் உயர் அதிகாரி. சொன்னபடியே முஸ்லிம் பெண்களைத் திரட்டி ஓர் அமைப்பாக்கினார்.

உடனே எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. மற்ற மதத்தாரோடு சேர்ந்தால் தங்கள் ஈமான் என்னாகும் என்ற தயக்கம் இரு பக்கமும் இருந்தது. துப்பாக்கிக் குண்டுக்கு முஸ்லிம் யார், கிறிஸ்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியுமா என்ற ஒரு கேள்விதான் அந்தத் தயக்கத்தை உடைத்தது. யாரும் யாருடைய வணக்கத்திலும் கலக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிற்பாடு திடலில் உட்கார்ந்தபோது முஸ்லிம்கள் தங்கள் முறைப்படியும் கிறிஸ்தவர்கள் தங்கள் முறைப்படியும் பிரார்த்தித்தார்கள். சேர்ந்தது கோரிக்கையில்தான்.

அவர்களின் வேலைமுறை எளிமையானது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் நேரம் பள்ளிவாசல் வாசலில், சனிக்கிழமை சந்தையில், ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில். பெரும்பாலான பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் துண்டுப் பிரசுரங்களில் படம் வரைந்து கொடுத்தார்கள்.

வெள்ளை உடை, வெயில், மழை

2003 ஏப்ரல். தலைநகரின் முக்கியச் சாலையோரம், மீன் சந்தையை ஒட்டிய ஒரு திடல். அதிபர் டெய்லரின் வாகனங்கள் அன்றாடம் கடந்து போகும் வழி அது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துணி. நகை இல்லை, அலங்காரம் இல்லை. யார் பணக்காரி, யார் எந்த இனம், யார் எந்தக் கட்சி என்று பார்த்த மாத்திரத்தில் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. (இஹ்ராமின் வெள்ளை நமக்கு நினைவுக்கு வருவது இயல்பு.) கோரிக்கையும் ஒன்றே ஒன்று: சமாதானம் வேண்டும். டெய்லர் போக வேண்டும் என்றோ, கிளர்ச்சியாளர் ஒழிய வேண்டும் என்றோ அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே கூட்டம் இரண்டாகியிருக்கும், அரசும் கலைத்திருக்கும்.

பெண்களால் இது ஏன் முடிந்தது? காரணம் மிகவும் உலகியல் சார்ந்தது. சண்டையிடும் வயதுள்ள ஓர் ஆண் தெருவில் இறங்கினால் சோதனைச் சாவடியில் பிடித்துப் படையில் சேர்ப்பார்கள், அல்லது எதிரி என்று சுட்டுவிடுவார்கள். ஆண்கள் வீட்டுக்குள் ஒளிந்திருக்க, அரிசி தேடியும் தண்ணீர் தேடியும் வெளியே போனவர்கள் பெண்கள்தான். சாவடிகள் எங்கே, எந்தக் குழு எந்தத் தெருவில் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். துப்பாக்கி பிடித்திருந்த பையன்களும் அவர்கள் தெருவில் வளர்ந்த பிள்ளைகள். போர்க்காலத்திலும் நிற்காமல் இயங்கிய ஒரே தொடர்பு சந்தை. அந்தச் சந்தைப் பெண்கள் வழியாகத்தான் செய்தி பரவியது.

கணவர்களை விட்டு விலகியிருப்பது என்றும் அவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். மேலை நாட்டு ஊடகங்கள் இதைத்தான் இன்றுவரை பெரிதாக எழுதுகின்றன. நடைமுறையில் அதனால் பெரிய பலன் இல்லை, பத்திரிகைகளின் கவனத்தை ஈர்த்ததுதான் அதன் பயன் என்று போவீயே எழுதிவிட்டார். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் தரையில் உட்கார்ந்த விஷயம் தலைப்புச் செய்திக்குச் சுவையாக இல்லை போலும்.

ஏப்ரல் 23ஆம் தேதி டெய்லர் அவர்களைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். போவீ அறிக்கையை வாசித்தார், பெண்கள் கைகோர்த்து வெளியே நின்றார்கள். சமாதானப் பேச்சுக்கு வருவதாக டெய்லர் சம்மதித்தார். கிளர்ச்சிக் குழுவின் தலைவர்கள் அப்போது பக்கத்து நாடான சியரா லியோனில் இருந்தார்கள். அவர்களிடமும் பெண்களின் தூதுக்குழு போனது. அதில் அஸாத்து பா கென்னத் முக்கியமானவர். மண்டிங்கோக்கள் அதிகமிருந்த அந்தக் குழுவிடம் ஒரு முஸ்லிம் பெண் போய்ப் பேசியதன் எடையைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களும் சம்மதித்தார்கள்.

ஜூன் 4ஆம் தேதி கானா நாட்டில் பேச்சு தொடங்கியது. தொடங்கிய அன்றே, சியரா லியோன் போர்க்குற்ற நீதிமன்றம் டெய்லர் மீதான குற்றச்சாட்டை வெளியிட்டது. அவர் உடனே நாடு திரும்பிவிட்டார். மன்ரோவியாவில் சண்டை முற்றியது. நகரத்தின் மீது நடந்த தாக்குதல்களுக்கு மக்களே முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், மூன்றாம் உலகப் போர் என்று பெயர் வைத்தார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். அங்கே எறிகணைகள் விழுந்துகொண்டிருக்க, கானாவில் பேச்சு நடத்த வந்தவர்கள் நல்ல ஹோட்டல்களில் தங்கி எந்தப் பதவி யாருக்கு என்று வாரக்கணக்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை இறுதியில் ஒருநாள் பெண்களின் பொறுமை முடிந்தது. கானாவின் அகதி முகாமில் இருந்த லைபீரியப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலில் கைகோர்த்து உட்கார்ந்துவிட்டார்கள். உடன்படிக்கை இல்லாமல் உள்ளே இருப்பவர் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது, ஆடையைக் களைந்துவிடுவேன் என்று போவீ எச்சரித்தார். அந்த நாடுகளில் ஒரு தாய் தன் மகன்களின் முன் அப்படிச் செய்வது அவர்கள் தலையில் விழும் மிகப் பெரிய சாபம். நம் மார்க்கத்தில் இந்த வழிக்கு இடமில்லை, நாம் இதைப் பின்பற்றச் சொல்லவும் மாட்டோம். ஆனால் எந்த அளவு கையறு நிலையில் ஒரு பெண் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார் என்பதை யோசிக்காமல் கடந்துபோக முடியவில்லை. நடுவராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சியாளர் ஜெனரல் அப்துஸ்ஸலாமி அபூபக்கர் பெண்களைக் கைது செய்ய விடவில்லை. அவர்களோடு பேசினார். பேச்சு வேகமாக நடக்கும், பிரதிநிதிகள் ஒழுங்காகக் கலந்துகொள்வார்கள் என்ற உறுதி கிடைத்த பிறகே பெண்கள் எழுந்தார்கள்.

ஆகஸ்ட் 11இல் டெய்லர் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். ஆகஸ்ட் 18இல் உடன்படிக்கை கையெழுத்தானது. பெண்கள் மட்டுமே இதைச் சாதித்தார்கள் என்று எழுதினால் அது மிகை. கிளர்ச்சியாளர்களின் ராணுவ நெருக்கடி, அண்டை நாடுகளின் அழுத்தம், அமெரிக்காவின் அழுத்தம், நீதிமன்றத்தின் குற்றச்சாட்டு எல்லாம் சேர்ந்துதான் டெய்லரை இறக்கின. ஆனால் பேச்சை இழுத்தடிக்க முடியாமல் செய்தவர்கள் அந்தப் பெண்கள்.

துப்பாக்கி கீழே வைக்கப்பட்ட பிறகு

கையெழுத்தானதும் வீட்டுக்குப் போயிருந்தால் அவர்களைப் பற்றி நாம் எழுதியிருக்க மாட்டோம்.

ஐ.நா. படை வந்தது. 2003 டிசம்பர் 7ஆம் தேதி ஆயுதங்களைத் திரும்பப் பெறும் பணி தொடங்கியது. முன்னேற்பாடு போதாது, போராளிகளுக்கு விவரம் சரியாகச் சொல்லப்படவில்லை என்று பெண்கள் எச்சரித்ததை அதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் துப்பாக்கியோடு முகாமுக்கு வந்தார்கள். பணம் உடனே வேண்டும் என்று கலவரம் மூண்டது, உயிர்கள் போயின, பணியை நிறுத்த வேண்டியதாயிற்று. வெள்ளை உடைப் பெண்கள் அந்தக் கூட்டத்துக்குள் இறங்கிப் பையன்களிடம் பேசினார்கள். 2004 ஏப்ரலில் பணி மறுபடி தொடங்கியபோது பெண்களின் யோசனைகளையும் கேட்டுக்கொண்டார்கள். முடிவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் சுமார் 28,000.

இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு செய்தி இருக்கிறது. ஆரம்பத்தில், துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுப்பவர்தான் போராளி, அவருக்குத்தான் உதவித்தொகையும் தொழிற்பயிற்சியும் என்பது பொதுவான எண்ணம். கடத்திச் செல்லப்பட்டுச் சமைத்தவள், குண்டு சுமந்தவள், ஒரு தளபதிக்கு 'மனைவி' ஆக்கப்பட்டவள் கையில் துப்பாக்கி இருக்காது. அப்படிப்பட்ட பெண்களையும் ஒரு வகையாகச் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்திய பிறகு பட்டியல் மாறியது. சுமார் 22,000 பெண்கள் இதில் பதிவானார்கள். அப்படியும் விடுபட்டுப் போனவர்கள் ஏராளம். வெட்கத்தால் வராதவர்கள் அதிகம்.

அடுத்தது தேர்தல். 2005இல் வாக்காளர் பதிவு நடந்தபோது சந்தைப் பெண்கள் வரவில்லை. காரணம் அக்கறையின்மை அல்ல. கடையை யார் பார்ப்பது, கைக்குழந்தையை யாரிடம் விடுவது? உடனே தொண்டர் பெண்கள் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்கள், குழந்தையை வைத்துக்கொண்டார்கள். போய்ப் பெயர் பதிந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். அதிகாரமளித்தல், வலுவூட்டல் என்று கருத்தரங்குகளில் எவ்வளவோ பேசுகிறோம். நமக்கு இந்தக் கடை பார்த்த விஷயம்தான் அந்தச் சொல்லுக்குச் சரியான விளக்கமாகப் படுகிறது. பதிவானவர்களில் ஏறத்தாழப் பாதி பெண்கள். அந்தத் தேர்தலில் வென்று 2006 ஜனவரியில் பதவியேற்ற எலன் ஜான்சன் சர்லீஃப், ஆப்பிரிக்காவில் தேர்தல் மூலம் வந்த முதல் பெண் அதிபர்.

சட்டங்கள் வந்தன. வழக்கப்படி மணமுடித்த பெண்ணுக்குக் கணவன் இறந்தால் அவன் சொத்தில் உரிமை இல்லை, அவளையே சொத்துபோலக் கணவனின் வீட்டார் பங்கிட்டுக்கொள்ளும் நிலைகூட இருந்தது. 2003இல் வந்த சட்டம் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது. போரில் லட்சக்கணக்கானோர் செத்த நாட்டில் இது எத்தனை குடும்பங்களுக்குக் கூரையாக இருந்திருக்கும்! (குர்ஆன் விதவைக்குப் பிள்ளையிருந்தால் எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று என்று எழுதிக் கொடுத்து 1,400 ஆண்டுகள் ஆகின்றன. நம் ஊர்களில் எத்தனை மையித்து வீடுகளில் அந்தப் பங்கு பிரித்துக் கொடுக்கப்படுகிறது என்பதை வாசகர்கள் தங்கள் குடும்பத்தில் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.) பெண் வழக்கறிஞர்களின் முயற்சியால் 2005 இறுதியில் வன்புணர்வுக்கு எதிரான கடுமையான சட்டம் வந்தது. 2008இல் அதற்கெனத் தனி நீதிமன்றம் அமைந்தது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 2007 ஜனவரியில் இந்தியாவின் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் லைபீரியா போனார்கள். ஐ.நா. அமைதிப் பணியில் முழுக்கப் பெண்களே இருந்த முதல் போலீஸ் அணி அதுதான். அணிகள் மாறி மாறி 2016 வரை அங்கே இருந்தன. அதிபர் அலுவலகக் காவலும் இரவு ரோந்தும் அவர்கள் பொறுப்பு. சீருடையில் பெண்களைப் பார்த்துப் பழகிய பிறகு லைபீரியப் பெண்களும் காவல் துறைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள். நடந்த குற்றத்தைச் சொல்லப் பெண்கள் காவல் நிலையம் வருவதற்கு இது உதவியது.

கிராமங்களில் 'சமாதானக் குடில்'கள் எழுந்தன. ஊர்ப் பெரியவர்கள், அதாவது ஆண்கள், கூடி வழக்குத் தீர்க்கும் வட்டக் குடில் அந்த நாட்டின் பழைய வழக்கம். நம் ஜமாஅத் பஞ்சாயத்து மாதிரி. அதே அமைப்பில் பெண்கள் தங்களுக்கென ஒன்றைக் கட்டினார்கள். கணவன் அடிக்கிறான், நிலத்தை உறவினர் பிடித்துக்கொண்டார்கள், பிள்ளைக்குச் செலவு கொடுப்பதில்லை என்ற வழக்குகள் அங்கே வரும். இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். வன்புணர்வு போன்ற குற்றங்களைத் தாமே தீர்த்துவைக்காமல் போலீசுக்கு அனுப்புவார்கள். இந்தக் கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்கிறோம். சமரசம் செய்யக் கூடியது எது, செய்யக் கூடாதது எது என்ற பிரிப்பு சில ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு இன்றும் தெரியவில்லை.

2011இல் நோபல் சமாதானப் பரிசு சர்லீஃப், போவீ, யமன் நாட்டின் தவக்குல் கர்மான் ஆகிய மூன்று பெண்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம்மில் பலருக்கு ஹிஜாப் அணிந்த கர்மானின் படம் நினைவிருக்கும். அஸாத்து பா கென்னத்தின் பெயர் அவ்வளவாகத் தெரியாது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத முடியாது. லைபீரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2009இல் கொடுத்த அறிக்கை, போரின் தொடக்கத்தில் டெய்லருக்கு ஆதரவு தந்தவர்கள் பட்டியலில் அதிபர் சர்லீஃபையும் சேர்த்து, அரசுப் பதவி வகிக்கத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. தம் மகன்களுக்கு உயர் பதவிகள் கொடுத்ததாகவும் அவர் மீது கடும் விமர்சனம் எழுந்தது. 2012இல் போவீயே அவரை வெளிப்படையாகக் கண்டித்து, தாம் வகித்த நல்லிணக்கப் பொறுப்பிலிருந்து விலகினார். நோபல் மேடையில் ஒன்றாக நின்றவர்தானே என்று அவர் பார்க்கவில்லை. நாட்டு மக்களைக் கொன்றவர்கள் பலர் லைபீரியாவில் விசாரணையே இல்லாமல் நடமாடினார்கள், சிலர் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார்கள். போர்க்குற்ற நீதிமன்றத்துக்கான அலுவலகம் அமைக்கும் உத்தரவே 2024இல்தான் வந்தது. ஒரு பெண் 12 ஆண்டுகள் அதிபராக இருந்த நாட்டின் நாடாளுமன்றத்தில் பெண்கள் இன்னும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கிறார்கள். உலகளவிலும் இதே கதைதான். சமாதானப் பேச்சுகளில் பெண்களும் பங்கேற்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2000 அக்டோபரில் 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1992 முதல் 2019 வரை நடந்த முக்கியப் பேச்சுவார்த்தைகளை எடுத்துப் பார்த்தால், பேச்சாளர்களில் பெண்கள் 13 சதவீதம், கையெழுத்திட்டவர்களில் 6 சதவீதம்.

வஜீர் சந்தை

சீட்டு எழுதிய சகோதரி, அது கிறிஸ்தவர் பெரும்பான்மையான நாடு, நம் சமுதாயத்தில் நடக்குமா என்று கேட்கலாம். கென்யாவின் வடகிழக்கில், சோமாலியா எல்லையை ஒட்டி வஜீர் என்ற மாவட்டம் இருக்கிறது. ஏறக்குறைய எல்லோரும் சோமாலி இன முஸ்லிம்கள். ஒட்டகமும் ஆடுமாடும் மேய்ப்பவர்கள். 1991இல் சோமாலியா சிதறியதும் துப்பாக்கிகள் மலிவாக உள்ளே வந்தன. கூடவே பெரும் வறட்சி. கிணற்றுக்கும் மேய்ச்சலுக்கும் போட்டி, 1992 தேர்தலில் எந்தக் குலத்துக்கு எத்தனை இடம் என்ற போட்டி. அஜுரான், தெகோதியா, ஒகாதென் என்ற குலங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. ஒரே கிப்லா, ஒரே மத்ஹப், ஒரே மொழி. சந்தையில்கூட ஒரு குலத்துப் பெண்ணிடம் மற்றக் குலத்துப் பெண் பால் வாங்கமாட்டாள் என்ற நிலை வந்தது.

1993இல் ஒரு கல்யாண வீட்டில் வெவ்வேறு குலப் பெண்கள் சந்தித்தபோது பேச்சு இதைப் பற்றித் திரும்பியது. அவர்களில் ஒருவர் தெகா இப்ராஹீம் அப்தி, 1964இல் வஜீரில் பிறந்தவர். துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஓர் இரவில் குழந்தையோடு கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தபோது, நீ பிறந்த காலத்திலும் உன்னை வைத்துக்கொண்டு நான் இப்படித்தான் ஒளிந்தேன் என்று அவருடைய தாய் சொன்னாராம். தன் மகளும் நாளை இப்படி ஒளிய வேண்டுமா என்ற எண்ணம்தான் தம்மை எழுப்பியது என்பார் தெகா.

பெண்கள் முதலில் கேட்டது நாட்டுச் சமாதானம் அல்ல, சந்தைச் சமாதானம். எந்தக் குலத்துப் பெண்ணும் இங்கே வாங்கலாம், விற்கலாம். தகராறு வந்தால் கவனிக்க எல்லாக் குலத்துப் பெண்களும் அடங்கிய ஒரு குழு. சந்தை அடங்கியது. பிறகு குலப் பெரியவர்களிடம் போனார்கள். பெரிய குலத்தவர் கூட்டினால் மற்றவர் வரமாட்டார் என்பதால், யாரும் அஞ்சத் தேவையில்லாத சின்னஞ்சிறு குலத்துப் பெரியவர் ஒருவரை முன்னிறுத்தி எல்லோரையும் கூட்டினார்கள். இந்த யுக்தியை எத்தனை தடவை நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் 'அல்ஃபதாஹ்' பிரகடனம் உருவானது. திருடிய கால்நடையைத் திருப்புவது, கொலைக்கு நஷ்டஈடு, இனி சண்டையில்லை. எங்காவது கொலை நடந்தால் உடனே புறப்பட்டுப் போகப் பெரியவர்கள், பெண்கள், ஆலிம்கள், காவல் அதிகாரிகள் அடங்கிய குழுவும் அமைந்தது. துப்பாக்கியை வைத்த இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்று வியாபாரிகளிடமும் உதவி நிறுவனங்களிடமும் அலைந்தார்கள். 1995இல் இது அரசு நிர்வாகத்தோடு இணைந்த சமாதானக் குழுவானது. கென்யாவின் மற்ற மாவட்டங்களும் பின்னர் இதே மாதிரியில் குழுக்கள் அமைத்தன.

இங்கேயும் பெண்களுக்கு ஓர் இயல்பான அனுகூலம் இருந்தது. ஒரு குலத்தில் பிறந்து இன்னொரு குலத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள் அவர்கள். தந்தையும் சகோதரரும் ஒரு பக்கம், கணவனும் மகனும் எதிர்ப்பக்கம். யார் செத்தாலும் ஜனாஸா அவர்கள் வீட்டில்தான்.

தெகாவின் முறையில் ஆலிம்களாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சமாதானப் பயிற்சிகளில் அவர் நஃப்ஸைப் பற்றிப் பேசுவார். தீமைக்குத் தூண்டும் நஃப்ஸ், தன்னையே நிந்திக்கும் நஃப்ஸ், அமைதியடைந்த நஃப்ஸ் என்று குர்ஆனில் வரும் நிலைகளைச் சொல்லி, சண்டையில் நம் பக்கத்தின் தவறை முதலில் எடுத்துப் பார்க்கப் பழக்குவார். தஸவ்வுஃப் பாடத்தில் நாம் தனிமனிதனுக்குச் சொல்வதை அவர் ஒரு குலத்துக்குச் சொன்னார். 2007இல் அவருக்கு மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அந்த ஆண்டு இறுதியில் கென்யாவில் தேர்தல் கலவரம் வெடித்தபோது, முன்னாள் ராணுவத் தளபதிகளும் ஒரு தூதரும் இருந்த சிறு குழுவோடு சேர்ந்து நாடு முழுவதும் சமாதான வேலையை ஒருங்கிணைத்தார். 2011 ஜூலையில் ஒரு சாலை விபத்தில் கணவர் இறந்தார், சில நாட்களில் தெகாவும் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்தக் கேள்விச் சீட்டு இன்னும் நம் டைரியில் இருக்கிறது. வரும் ரபீஉல் அவ்வலில் அதே ஊருக்கு மறுபடி அழைத்திருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், இந்த முறை கேள்வி நேரத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டிருக்கிறோம்.